கதிர்வேலுக்குத் தெரியாத கோடு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசச் சொல்லி மோகன் சார் கூப்பிட்டபோது, மென்பொருளைப் பற்றி மட்டும் பேச மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் ஓய்வு பெற்ற பிறகு திரையே மாறிவிட்டது. எந்தப் பொத்தானை எங்கே நகர்த்தி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் கதிர்வேலைப் பற்றிச் சொல்கிறேன். மாடியில் மென்பொருள் குழுவில் இருக்கிறாரே, அவர்தான்.

முதலில் நம் வேலை என்ன என்று ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் கேட்டால் நீங்களும் இப்படித்தான் விளக்க வேண்டியிருக்கும். இன்றைக்கு ஒரு விமானத்தைச் செய்வதற்கு முன்பே அதைக் கணினிக்குள் பறக்கவிடுகிறார்கள். இறக்கையைச் சுற்றியிருக்கும் காற்றைக் கோடிக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு முடிந்ததும் வெளியே வருவது வெறும் எண்கள்தான். அந்த எண் குவியலை எந்த மனிதனாலும் படிக்க முடியாது. அதை நிறமாகவும் கோடாகவும் கிராஃபாகவும் மாற்றிக் காட்டுகிற மென்பொருளை நாம் செய்கிறோம். அதை வைத்து, இறக்கையில் எந்த இடம் நன்றாக இருக்கிறது, எந்த இடம் கெட்டிருக்கிறது என்று விமான நிறுவனங்களுக்கு ரிப்போர்ட்டும் எழுதிக் கொடுக்கிறோம்.

இந்த வேலையில் பெரிய ஆபத்து, படம் அழகாக இருப்பதுதான். ஒரு வாடிக்கையாளர் நாங்கள் அனுப்பிய படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது இறக்கை தலைகீழாக இருந்தது. தினமும் அதைக் கடந்து போகிற இன்ஜினியர்கள் யாரும் கவனிக்கவில்லை. நானும் காபி குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அழகான படத்திடம் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது அன்று மனதில் பதிந்தது. ஆனால் அது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்று தெரிந்தது கதிர்வேல் விஷயத்தில்தான்.

கதிர்வேல் சேர்ந்த சமயம், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் அலுவலகம் இருந்தது. கீழே பல் ராவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவருக்குத் திருச்செங்கோடு பக்கம். அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு வெளி மாநிலங்களில் சுற்றுகிறவர், வீட்டில் இருப்பது அபூர்வம். விமானப் பொறியியல் படித்து, பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஊர்ப் பக்கமே இந்த மாதிரி வேலை கிடைக்கிறதா என்று ஆச்சரியப்பட்டு வந்து சேர்ந்தவர். வெள்ளைச் சட்டை, இல்லையென்றால் நீலச் சட்டை. வேறு நிறத்தில் நான் பார்த்ததில்லை.

வேலையில் ஒரு வித்தியாசம் உண்டு. மற்றவர்கள் படத்தைத் திரையில் விரித்துவிட்டு, நாற்காலியில் பின்னால் சாய்ந்து, மொத்தமாக ஒரு பார்வை பார்ப்பார்கள். இவர் மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்து, கர்சரை ஒவ்வொரு இடமாக வைத்து, அங்கே வருகிற எண்ணைப் படிப்பார். இறக்கையின் குறுக்கே கோடு கோடாக வெட்டிக்கொண்டு, ஒரு கோட்டில் ஆரம்பித்து அதன் முடிவு வரை போய், அப்புறம் அடுத்த கோடு. நேரம் பிடிக்கும். ஆனால் அவர் எழுதிய எண் தப்பாக இருந்ததில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள், "கதிர் படம் பாக்கல, வயல்ல களை எடுக்கிறார்" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். சில சமயம் என்னிடம் வந்து, "அக்கா, இந்த எடம் உங்களுக்கு எப்படித் தெரியுதுங்க?" என்று கேட்பார். பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிற பணிவு என்று நினைத்தேன்.

அப்போது எங்களிடம் இருந்த முக்கியமான வேலை, இரண்டு என்ஜின் வைத்த ஒரு சின்னப் பயணிகள் விமானம். இறக்கையின் வடிவம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இறங்கும்போது விமானம் மூக்கைத் தூக்கி, மெதுவாக வரும் அல்லவா, அந்த நிலையில் இறக்கையின் மேல் காற்று ஒழுங்காக ஒட்டிப் போகிறதா என்று பார்த்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். எங்காவது காற்று பின்வாங்கி, முன்பக்கமாகத் திரும்பி ஓடினால் அங்கே இறக்கை தூக்குகிற வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். எங்கள் மென்பொருளில் ஒழுங்காகப் போகிற காற்று பச்சை, திரும்பி ஓடுகிற காற்று சிவப்பு.

ரிப்போர்ட் போக வேண்டிய வெள்ளிக்கிழமை காலை. மோகன் சார் ஹைதராபாத்தில் இருந்தார். கதிர்வேல் எழுதி முடித்திருந்ததை நான் கடைசியாக ஒருமுறை புரட்டினேன். "இந்த நிலையில் இறக்கையின் மேல் எங்கும் காற்று திரும்பவில்லை" என்று எழுதியிருந்தார். பக்கத்தில் படம். படத்தில், என்ஜின் உறைக்குப் பின்னால், பச்சைக்கு நடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. வேறு கோப்பைத் திறந்துவிட்டேனோ என்று சந்தேகம்தான் வந்தது. சரிபார்த்தேன். அதே கோப்புதான். அவரைக் கூப்பிட்டேன்.

"கதிர், இந்தச் சிவப்ப எப்படி விட்டீங்க?"

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். இறக்கையின் நுனியைப் பார்த்தார். அப்புறம் முன் விளிம்பைப் பார்த்தார். பார்க்க வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பார்த்தார்.

"எந்தச் சிவப்புங்க?" என்றார்.

விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தில் வியர்வை துளிர்த்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் சாமி, என்னாச்சு?" என்றேன். பள்ளிபாளையத்தில் பிறந்தவளுக்கு, பதற்றம் வந்தால் அலுவலகப் பேச்சு போய் வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

மீட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் சொன்னார். "எனக்குப் பச்சையும் செவப்பும் ஒண்ணாட்டத்தானுங்க தெரியும். சின்னதுல இருந்தே அப்படித்தான். தக்காளி வாங்கியாரச் சொன்னா காயும் பழமுமாக் கொண்டாந்து நிப்பேன். அம்மா அப்புறம் கடைக்கே அனுப்பறதில்லை."

"இவ்வளவு நாள் எப்படி வேலை பார்த்தீங்க?"

"எண்ணப் பாத்துத்தானுங்க. கோடு போட்டு, ஒவ்வொரு புள்ளியா. இந்தத் திட்டு ரெண்டு கோட்டுக்கு நடுவால உழுந்திருச்சுங்க. அதான் மாட்டல."

அவருக்கு விமானப்படையில் பைலட்டாகச் சேர வேண்டும் என்று ஆசை. மற்ற எல்லாவற்றிலும் தேறி, கடைசியில் கண் பரிசோதனையில் வெளியே அனுப்பிவிட்டார்கள். புள்ளி புள்ளியாக நிறம் போட்ட படத்துக்குள் என்ன எண் இருக்கிறது என்று கேட்டார்களாம். எண் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஓட்டத்தான் முடியாது, செய்கிற இடத்திலாவது இருப்போம் என்று இந்தப் படிப்பைத் தொடர்ந்திருக்கிறார். அன்றிலிருந்து யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"மோகன் சார்கிட்டச் சொல்லிப்போடாதீங்க அக்கா. அங்கயும் தள்ளுனாங்க. இங்கயும் தள்ளிட்டா நான் எங்கீங்க போறது?"

இந்த இடத்தில்தான் நீங்கள் என் நிலையில் உங்களை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கடுமையாகப் பேசுவது சுலபமில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட் அப்படியே போயிருந்தால், அந்த இறக்கையை நம்பி விமானத்தில் ஏறி உட்காரப் போகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? அவர் கெட்டிக்காரர், நேர்மையானவர், பாவப்பட்டவர் என்பதெல்லாம் அந்தச் சிவப்புத் திட்டை மாற்றிவிடாது.

"உங்க விஷயம், நீங்கதான் சொல்லணும். திங்கட்கிழமை சார் வந்ததும் சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவேன். அதுவரைக்கும் நீங்க பாத்த படத்த இன்னொருத்தர் பாக்காம ஒண்ணும் வெளிய போகாது" என்றேன்.

தலையாட்டினார். வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட் சற்றுத் தாமதமாகும் என்று மட்டும் தகவல் அனுப்பிவிட்டு, இருவருமாக உட்கார்ந்து அந்தத் திட்டை அளந்து, வரைந்து, வரியைத் திருத்தி, மாலையில் அனுப்பினோம். அன்று டவுன் பஸ்ஸில் சூரமங்கலத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும்போது என் மனம் முழுக்க ஒரே யோசனைதான். இதற்கு முன்னால் அவர் பார்த்த படங்களில் இன்னும் எத்தனை திட்டு இருக்கிறதோ?

திங்கட்கிழமை நான் நினைத்தபடி விடியவில்லை. விமான நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ராமநாதன், ரிப்போர்ட்டை வார இறுதியில் படித்துவிட்டு, மறு யோசனை இல்லாமல் சேலத்துக்கு ரயில் ஏறிவிட்டார். மோகன் சார் ஜங்ஷனிலிருந்தே அவரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கதிர்வேலுக்குத் தனியாக ஒரு வார்த்தை பேச இடமே கிடைக்கவில்லை. என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். எல்லோரும் மீட்டிங் அறைக்குள் போனோம்.

ராமநாதன் சென்னைக்காரர். சுற்றி வளைக்காமல் பேசுவார். எங்களை மரியாதையாக நடத்துவார், தப்பு செய்தால் விடமாட்டார். அந்தச் சிவப்புத் திட்டைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "அது எதிர்பார்த்ததுதான், அதுக்கு வழி இருக்கு" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அவர் வந்தது ரிப்போர்ட்டின் வேறொரு படத்துக்காக. இறக்கை விமான உடலோடு சேருகிற மூலையின் அழுத்தப் படம். இந்த வகைப் படத்தில் அழுத்தம் ஏற ஏற நிறம் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போகும். அந்த மூலையில் காற்று முட்டாமல் வழுக்கிப் போவதற்காக வளைவாக ஒரு மூடி வைப்பார்கள். ஃபேரிங் என்போம். எங்களில் வேறொருவர் தயாரித்த படம் அது. பச்சையாக வந்துகொண்டிருந்த நிறம் ஒரு இடத்தில் கத்தியால் வெட்டிய மாதிரி முடிந்து, அந்தப் பக்கம் ஆரஞ்சும் சிவப்புமாக ஆகிவிடுகிறது. நடுவில் நூல் போல ஒரு மஞ்சள்.

"இந்தக் கோட்டைப் பாருங்க மேடம்" என்றார் ராமநாதன். "அழுத்தம் இங்க படிக்கட்டு மாதிரி ஏறுது. மூக்கைத் தூக்கினா காத்து இந்த எடத்துல பிச்சுக்கும். ஃபேரிங்க மாத்தணும். அதுக்கான அச்சு செய்றவங்க இந்த வாரம் ஆரம்பிக்கக் காத்திட்டிருக்காங்க. மாத்தறதுன்னா நிறுத்தியாகணும், முதல் பறப்பு பல மாசம் தள்ளிப் போகும். மாத்தாம விட்டா நாளைக்கு மூலையிலயே இறக்கை கையை விரிக்கும். மாத்தணும்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க, நான் போய்ச் சொல்லிடறேன்."

நானும் கோட்டைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. மோகன் சாரும் பார்த்தார். ஆமாம் என்கிற மாதிரித் தலையாட்டினார். எழுதிக் கொடுப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

திரையை இயக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த கதிர்வேல், "அங்க கோடு எதுவும் இல்லீங்களே" என்றார்.

ராமநாதனோடு வந்திருந்த ஒருவர் சிரித்தார். "தம்பி, கண்ணாடியத் தொடச்சுப் போடுங்க."

"தொடச்சாலும் இல்லீங்க. அந்த எடத்துல எண்ணு சீராத்தான் ஏறுது. நான் கர்சர் வெச்சுப் பாத்தேனுங்க."

"எண்ணு இருக்கட்டும்ப்பா. எதிர்ல படம் இருக்கு. எனக்குத் தெரியுது, மேடத்துக்குத் தெரியுது, உங்க சாருக்குத் தெரியுது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியல?" என்றார் ராமநாதன்.

கதிர்வேல் என் பக்கம் திரும்புவார் என்று எதிர்பார்த்தேன். திரும்பவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குப் பச்சை, செவப்பு வித்தியாசம் தெரியாதுங்க. பொறந்ததுல இருந்தே" என்றார்.

கீழே பல் ராவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ராமநாதன் மோகன் சாரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டார். "நிறம் தெரியாத ஆளை வெச்சா என் விமானத்தோட படத்தைப் படிக்கிறீங்க?"

மோகன் சாரின் முகம் வெளுத்தது. அவருக்கு அந்த நிமிடம்தான் விஷயமே தெரியும். "எனக்கு இது தெரியாது சார். ஆளை மாத்திடறேன். கதிர், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

கதிர்வேல் எழுந்தார். நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளினார். அந்த மரியாதைதான் என்னை உலுக்கியது.

"உக்காருங்க கதிர்" என்றேன். மோகன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சொன்னதை நான் அதற்கு முன் ஒருபோதும் மறுத்ததில்லை. "சார், அவரைப் பத்தி அப்புறம் பேசலாம். கோடு இருக்கா இல்லையான்னு முதல்ல பாத்துருவோம். எழுதிக் குடுக்கப் போறது நான்தானே?"

இரக்கத்தில் அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அந்த அறையில் ஒரே ஒருவர் மட்டும் எங்களிடமிருந்து மாறுபட்ட ஒன்றைச் சொல்கிறார். அவர் சொல்வது எண்ணை வைத்து. நாங்கள் சொல்வது நிறத்தை வைத்து. அவரை வெளியே அனுப்பிவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டிவிடுவோம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதே எண்களை, நிறத்தை எடுத்துவிட்டு, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை சாம்பல் நிறத்தில் போடச் சொன்னேன். கதிர்வேல் போட்டார். கோடு காணோம். மூலையை நோக்கிச் சாம்பல் நிறம் மெல்ல மெல்ல அடர்ந்துகொண்டே போனது, அவ்வளவுதான். அப்புறம் அந்த இடத்தின் குறுக்கே வெட்டி, அழுத்தத்தை ஒரு கிராஃபாக வரையச் சொன்னேன். படிக்கட்டு இல்லை. ஏற்காட்டு மலைப் பாதை போல்கூட இல்லை, சும்மா ஒரு சரிவு.

காரணம் எங்கள் மென்பொருளில்தான் இருந்தது. எண்ணுக்கு நிறம் கொடுக்கிற அளவுகோலில் பச்சைக்கு அகலமான இடம், மஞ்சளுக்கு ஒரு கீற்று, உடனே ஆரஞ்சு. எண் கொஞ்சமாக மாறினாலும் அந்த இடத்தில் நிறம் குதித்துவிடும். கண்ணுக்கு அது விளிம்பாகத் தெரியும். நாங்கள் பார்த்த கோடு இறக்கையில் இல்லை. அந்த அளவுகோலில் இருந்தது. கதிர்வேலின் கண்ணுக்கு அந்தக் குதிப்பே கிடையாது.

ராமநாதன் லேசில் விடுகிறவர் இல்லை. "கிராஃப் வழவழன்னு இருக்கு, சரி. கட்டத்தைப் பெருசா வெச்சதால உண்மையான மாற்றமே மழுங்கிப் போயிருந்தா?" என்றார். நல்ல கேள்வி.

"அந்த மூலைல மட்டும் முன்னாடியே கட்டத்தச் சின்னதாக்கி மறுக்காவும் ஓட்டிப் பாத்தமுங்க" என்றார் கதிர்வேல். திறந்து காட்டினார். இரண்டு கிராஃபும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்தன.

ராமநாதன் வெகு நேரம் பார்த்தார். சாய்ந்து உட்கார்ந்தார். நான் மூச்சு விட்டேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. "இன்னொண்ணு கேக்கறேன். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் லேட்டா வந்துச்சே, அது எதனால?"

இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். சர்வர் மேல் பழி போட்டிருக்கலாம், யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். மோகன் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு இல்லை என்று நிரூபித்த கையோடு, கதிர்வேல் ஜெயித்தார் என்று அப்படியே எழுந்து போய்விட ஆசையாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் கதிர்வேலே சொல்லிவிட்டார். "என்னாலதானுங்க. என்ஜினுக்குப் பின்னால இருக்கற அந்தச் செவப்புத் திட்ட நான் விட்டுப்போட்டேன். எனக்குத் தெரியல. அக்கா பாத்துத்தான் புடிச்சாங்க."

இந்த இடத்தை நீங்கள் மறக்கக் கூடாது. அதே கண்தான். இல்லாத கோட்டைப் பார்த்து ஏமாறவும் இல்லை, இருக்கிற திட்டைப் பார்க்கவும் இல்லை. இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றொன்றை மறைக்க முடியாது.

ராமநாதன் கொஞ்சம் யோசித்தார். "ஃபேரிங் இருக்கற மாதிரியே போகட்டும்" என்றார். "ஆனா இவர் படிச்ச என்னோட ரிப்போர்ட் எல்லாத்தையும் நீங்க மறுபடி பாக்கணும். பாத்துட்டு எனக்கு எழுத்துல குடுங்க." எழுந்து கதிர்வேலுக்குக் கை கொடுத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கணும் நீங்க" என்றார். கோபமாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. கதிர்வேல், "ஆமாங்க" என்றார்.

மறுபடி பார்க்கிற வேலையை நான் கொஞ்சம் மாற்றினேன். கதிர்வேல் பார்த்ததை மட்டும் பார்த்தால் அவரிடம் மட்டும்தான் தப்பு கிடைக்கும். அந்த விமானத்துக்கு நாங்கள் எல்லோரும் எழுதிய எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்தோம். ஒருவர் நிறத்தில் பார்ப்பார், கதிர்வேல் சாம்பலில் பார்ப்பார். இரண்டும் ஒத்துவராத இடத்தில் கிராஃப் போடுவோம். கதிர்வேல் விட்ட இடம் இன்னும் ஒன்று கிடைத்தது. வால் பகுதியில் சின்னது, பெரிய பாதிப்பில்லாதது. நன்றாக நிறம் தெரிகிற நாங்கள், இல்லாத விளிம்பைப் பார்த்து வரி எழுதிய இடங்கள் அதைவிட அதிகம். அவற்றில் ஒன்றை நம்பி வால் இறக்கையின் ஓரத்தை ஏற்கெனவே மாற்றியும் இருந்தார்கள். கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. தேவையில்லாத வேலை. அதையும் சேர்த்தே ராமநாதனுக்கு எழுதினேன். அனுப்புவதற்கு முன் மோகன் சாரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். "இதையும் எழுதணுமா மேடம்?" என்றார். எழுத வேண்டும் என்றேன். சரி, அனுப்புங்கள் என்றார். அவருக்கு அது சுலபமாக இருந்திருக்காது.

அப்புறம் கதிர்வேலை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. வேலையை விட்டு அனுப்பும் எண்ணம் மோகன் சாருக்குப் போயிருந்தது. ஆனால் ஒரு விதி எழுதி வைக்கலாம் என்றார். கதிர்வேல் படிக்கிற படத்தை இன்னொருவர் கட்டாயம் படிக்க வேண்டும். கதிர்வேலையும் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்.

கதிர்வேல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு நிமிர்ந்தார். "என்ற பேருக்கு மட்டும்னா எழுதாதீங்க சார். எல்லாருக்கும்னா எழுதுங்க. எனக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருக்கறது எனக்குத் தெரியுமுங்க. மத்தவீங்களுக்கு அவீங்களோடது தெரியாதில்லீங்களா?"

அவர் அவ்வளவு அழுத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. மோகன் சார் என்னைப் பார்த்தார். "முதல்ல என் பேரப் போடுங்க. அந்தக் கோட்ட நம்பி எழுதிக் குடுக்க இருந்தவ நான்" என்றேன். மோகன் சார் சிரித்துவிட்டார். பொதுவாகவே எழுதினோம்.

மென்பொருளும் மாறியது. அந்தப் பழைய நிற அளவுகோலைத் தூக்கினோம். இப்போது நீங்கள் திறந்தால் வருகிற, அடர்த்தியிலிருந்து வெளிர் வரை போகிற அளவுகோல் கதிர்வேல் செய்தது. காற்று திரும்புகிற இடத்தைச் சுற்றித் தானாகவே ஒரு கறுப்புக் கோடு விழும், அதுவும் அவர் செய்ததுதான். நாம் வெட்டிப் பார்க்கிற கோடுகளுக்கு நடுவில் ஒரு திட்டு விழுந்தாலும் மென்பொருள் தேடிப் பிடித்துவிடும். அந்த வேலைக்காகத்தான் அவர் மென்பொருள் குழுவுக்குப் போனார். யாரும் தள்ளவில்லை, அவராகக் கேட்டுப் போனார். ஆரம்பத்தில் பழைய வாடிக்கையாளர்கள் சிலர், படம் முன்பு மாதிரி கண்ணைப் பறிக்கவில்லை என்று குறைப்பட்டார்கள். பழகிக்கொண்டார்கள்.

அந்த விமானம் பறந்தது. சோதனைப் பறப்புகளில் ஒன்றில், இறக்கையின் மேல் முழுக்கக் கறுப்புக் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். காற்று எப்படிப் போகிறதோ அப்படி நூல் படுக்கும். பழைய முறைதான், ஆனால் இன்றைக்கும் அதற்கு ஈடில்லை. ராமநாதன் வீடியோவை அனுப்பியிருந்தார். கதிர்வேலின் மேஜையில் நாங்கள் எல்லோரும் கூடிவிட்டோம்.

வெள்ளை இறக்கை, கறுப்பு நூல். விமானம் மூக்கைத் தூக்கியது. ஃபேரிங் பக்கத்து நூலெல்லாம் அசையாமல் பின்பக்கமாகப் படுத்திருந்தது. என்ஜின் உறைக்குப் பின்னால் மட்டும் ஒரு கைப்பிடி நூல் துடித்தது, எழுந்தது, அப்படியே முன்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது. என்ஜின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு வைத்து அதையும் பின்னால் சரி செய்துவிட்டார்கள். ஆனால் அந்த வீடியோவில் தகடு இல்லை.

கதிர்வேல் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்குப் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ பெருசுங்களா அக்கா?" என்றார் கடைசியில்.

இன்றைக்கு வருவதற்கு முன், அவரிடம் ஃபோன் பண்ணிக் கேட்டேன். இந்தக் கதையைப் பெயரை மாற்றிச் சொல்லட்டுமா, இல்லை சொல்லாமலே விட்டுவிடட்டுமா என்றேன். உங்களில் யாருக்காவதுகூட ஏதாவது ஒன்று தெரியாமல் இருக்கலாம். கண்ணாக இருக்கலாம், கணக்காக இருக்கலாம், காதாக இருக்கலாம். அதை மறைத்துக்கொண்டு, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று இங்கே உட்கார்ந்திருக்கலாம். அதையும் அவரிடம் சொன்னேன்.

அவர் யோசிக்கவே இல்லை.

"என்ற பேரச் சொல்லியே சொல்லுங்க அக்கா. அப்படி யாராச்சும் இருந்தா, மேல மாடிக்கு வரச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல, எடத்துலதான் இருக்கேன்."